கவிழ்த்து வைத்த மூன்று அட்டைகள்



இந்த வார அத்தியாயத்தில் விண்வெளி போர்ட் கேம்களைப் பற்றிக் கதைத்தோம். கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து நிமிடமும் நான் ஒரே ஒரு விளையாட்டைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். மைக்குக்கு முன்னால் அவசரத்தில் சொன்னதில் பாதி விளங்கியிருக்காது. மிச்சத்தை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியில் ஸ்னோ கொட்டுகிறது. ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மென்றில் மேசையைச் சுற்றி மூன்று பேர்: அத்தான், பத்தாம் வகுப்புப் படிக்கிற மருமகள், நான். மேசையில் லீவிங் எர்த். விளையாட்டின் கணக்கில் ஆண்டு 1957. என்னிடம் ஒரு சோயுஸ் ரொக்கெட், அதன் தலையில் ஒரு சின்ன ஆய்வுக்கலம். பூமியைச் சுற்றி முதல் செயற்கைக்கோளை விடுகிற ஆளுக்குப் புள்ளி. அத்தானும் சோயுஸ் தொழில்நுட்பத்தை வாங்கிவிட்டார்.

"மாமா, முதல்ல ஒருக்கா வெறுமையா விட்டுப் பாருங்கோவன்" என்றாள் மருமகள்.

"உனக்கென்ன பிள்ளை, நான் பாத்துக்கொண்டு இருக்க உன்ரை அப்பா ஏவிப்போடுவார்."

ஏவினேன். கவிழ்ந்து கிடந்த மூன்று அட்டைகளில் ஒன்றைத் திருப்பினேன். பெரும் தோல்வி. ரொக்கெட்டும் போச்சு, கலமும் போச்சு. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தார். ஏதாவது சொல்லியிருந்தாலே பரவாயில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த வருடம் ஏவுகிற யோசனையே அவருக்கு இருக்கவில்லையாம்.

எதிரி யார்?

விண்வெளியைப் பற்றிய போட்டி விளையாட்டுகளுக்குக் குறைவில்லை. 1997இல் வந்த ட்வைலைட் இம்பீரியத்தைத் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும். விண்மீன் சாம்ராஜ்யங்கள் அதில் சண்டை பிடிக்கும், பேரம் பேசும், காலை வாரும். 2011இல் பின்லாந்திலிருந்து வந்த எக்லிப்ஸும் கிட்டத்தட்ட அந்த வழிதான். சுவீடனைச் சேர்ந்த ஜேக்கப் ஃப்ரிக்ஸேலியஸின் டெராஃபார்மிங் மார்ஸ் 2016இல் வந்தது. அதில் கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு செவ்வாயை மனிதர் வாழக்கூடிய இடமாக மாற்றும். எல்லாம் நல்ல விளையாட்டுகள். ஆனால் இவற்றில் ரொக்கெட் என்பது ஏற்கெனவே தீர்ந்துபோன பிரச்சினை. போக வேண்டும் என்று நினைத்தால் போய்விடலாம்.

ஜோசப் ஃபட்டூலா வடிவமைத்து 2015இல் வெளிவந்த லீவிங் எர்த்தில் போவதுதான் முழுப் பிரச்சினையும். 1956இல் தொடங்கி 1976இல் முடியும். ஒவ்வொருவரும் ஒரு விண்வெளி நிறுவனத்தை நடத்துவோம். ஆண்டு பிறந்தால் கையில் 25 பணம். லேசர் இல்லை, போர்க்கப்பல் இல்லை. அடுத்தவரை நீங்கள் தாக்கவே முடியாது. அவருக்கு முதல் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

கணக்கு சின்னது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கடின எண் இருக்கிறது. தரையிலிருந்து பூமியின் சுற்றுப்பாதைக்கு 8. தூக்க வேண்டிய மொத்தப் பாரத்தை அந்த எண்ணால் பெருக்குங்கள். வருகிற தொகை ரொக்கெட்டின் உந்துவிசைக்குள் அடங்க வேண்டும். சோயுஸின் உந்துவிசை 80. எட்டால் பிரித்தால் 10. ஆகா, பத்து அலகு தூக்கலாம் என்று நினைப்பீர்கள். பொறுங்கோ. சோயுஸின் சொந்தப் பாரமே 9. மிஞ்சுவது 1. ஒரு ஆய்வுக்கலத்துக்கு மட்டும்தான் அது காணும்.

நிஜ ரொக்கெட்டும் இப்படித்தான். ஏவுதளத்தில் நிற்கிற பாரத்தில் பெரும்பகுதி எரிபொருள். மேலே போய்ச் சேருவது சில வீதம் மட்டுமே. சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட ரொக்கெட் சமன்பாட்டை இந்த விளையாட்டு பெருக்கலும் பிரித்தலுமாகச் சுருக்கி, பென்சிலும் கொப்பியும் வைத்துக்கொண்டு செய்கிற கணக்காக்கித் தந்திருக்கிறது.

ஆனால் என்னுடைய கணக்கு அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. பிழைத்தது வேறு இடத்தில்.

உங்களுக்கே தெரியாத துரும்பு

புதிய தொழில்நுட்பம் ஒன்றை வாங்க 10 பணம். வாங்கினதும் அதன் மேல் விளைவு அட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ரொக்கெட் என்றால் மூன்று. அட்டைக் கட்டில் பெரும்பாலானவை வெற்றி. மற்றவை சிறு தோல்வி அல்லது பெரும் தோல்வி. சிறு தோல்வி என்றால் ரொக்கெட் பழுதாகும். பெரும் தோல்வி என்றால் முழுக் கலமும் அழியும். ரொக்கெட்டைக் கொளுத்துகிற ஒவ்வொரு முறையும் மூன்றையும் கலக்கி ஒன்றைத் திருப்ப வேண்டும்.

ஊரில் 304 விளையாடி வளர்ந்தவர்களுக்குக் கவிழ்ந்த அட்டை புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். 304இல் துரும்பைக் கவிழ்த்து வைத்த ஆளுக்கு அது என்னவென்று தெரியும். மற்றவர்கள்தான் மண்டையைப் போட்டு உடைப்பார்கள். லீவிங் எர்த்தில் உங்கள் அட்டை உங்களுக்கே தெரியாது. எதிராளியிடம் மறைக்க ஒன்றும் இல்லை. உங்கள் ரொக்கெட்டின் பிழை உங்களிடம்தான் மறைந்து கிடக்கிறது.

தோல்வி அட்டை வந்தால் 5 பணம் கொடுத்து அதை ஒரேயடியாக நீக்கலாம். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது மாதிரி. வெற்றி வந்தால்தான் சிக்கல். அந்த அட்டையைத் திரும்பப் போட்டுக் கலக்கிவிடுவீர்கள். மற்ற இரண்டிலும் என்ன இருக்கிறதென்று அப்போதும் தெரியாது. வேண்டுமென்றால் 10 பணம் கொடுத்து வெற்றி அட்டையையும் நீக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். நல்லா வேலை செய்த ஒன்றுக்கு யார் அப்படிச் செலவழிப்பார்கள்? "போன முறை வேலை செய்தது தானே" என்று விட்டுவிடுவோம். சொஃப்ட்வெயார் எழுதுகிற ஆட்கள் இந்த வசனத்தைக் கிழமைக்கு இரண்டு தரமாவது கேட்டிருப்பீர்கள்.

போட்டி என்ன செய்கிறதென்றால், அட்டையைத் திருப்பிப் பார்க்கிற ஆசையை உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறது. சோதனைக்கு ஒரு வருடம் போகும், காசு போகும், பக்கத்தில் இருக்கிற ஆள் முந்திவிடுவார். அவர் முந்துவாரா என்பது கூட உங்களுக்குத் தெரியாது. அந்தப் பயம் மட்டும் காணும்.

1957 ஒக்டோபர் 4

என்னுடைய அவசரத்துக்கு வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1957 ஒக்டோபர் 4இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் வான்கார்ட் ரொக்கெட் அப்போது சோதனைக் கட்டத்தில் இருந்தது. அதன் மூன்று கட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து இயங்கிப் பறந்ததே இல்லை. அப்படிப் பறக்க வேண்டிய முதல் சோதனையிலேயே தலையில் ஒரு குட்டிச் செயற்கைக்கோளை வைத்து, உலகத்துக்கே அறிவித்து, டிசம்பர் 6ஆம் திகதி கமராக்களுக்கு முன்னால் ஏவினார்கள். ஏறத்தாழ நாலு அடி எழும்பியது. திரும்ப ஏவுதளத்திலேயே விழுந்து வெடித்தது. தூர எறியப்பட்ட செயற்கைக்கோள் மட்டும் தரையில் கிடந்து சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது.

1958 ஜனவரி 31இல் எக்ஸ்ப்ளோரர் 1 மேலே போனது. கொண்டுபோனது ஜூனோ ரொக்கெட். விளையாட்டில் வருகிற மிகச் சின்ன ரொக்கெட்டுக்கும் ஜூனோ என்றுதான் பெயர். அந்த நிஜ ஜூனோவின் முந்தைய வடிவம் 1956லும் 1957லும் வேறு சோதனைகளுக்காக ஏற்கெனவே பறந்திருந்தது. அதன் அட்டைகளில் சிலவற்றையாவது யாரோ முன்பே திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

அந்த ஒக்டோபர் 4க்கு எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. பியர்சன் விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கப் போகிற நாங்கள் எல்லாரும் மோல்ரன் பக்கத்தால்தான் போய் வருகிறோம். அங்கே அவ்ரோ கனடா என்ற விமானக் கம்பனி இருந்தது. அது தன்னுடைய ஏரோ போர்விமானத்தை முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டியதும் அதே நாளில்தான். ஸ்புட்னிக் செய்தியில் அந்த விழா அமுங்கிப்போனது. 1959 பெப்ரவரி 20, ஒரு வெள்ளிக்கிழமை, கனடிய அரசு ஏரோ திட்டத்தை ரத்துச் செய்தது. அன்றைக்கே 14,000க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அடுத்த சில மாதங்களில் அவ்ரோவின் பொறியியலாளர்கள் 25 பேருக்கு மேல் புதிதாகத் தொடங்கியிருந்த நாசாவில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜிம் சேம்பர்லின்.

ஒரே ஒரு அலகு கூட

சேம்பர்லின் என்ன செய்தார் என்பது எனக்கு உண்மையில் விளங்கினது அந்த மேசையில்தான்.

விளையாட்டின் மிகப் பெரிய ரொக்கெட் சாட்டர்ன். உந்துவிசை 200, சொந்தப் பாரம் 20. எட்டால் பிரித்தால் 25. சொந்தப் பாரத்தைக் கழித்தால் 5 அலகைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகலாம். அத்தானுக்கு நிலவில் ஒரு ஆய்வுக்கலத்தை இறக்க வேண்டும். நிலவின் சுற்றுப்பாதை வரை தள்ள ஒரு அட்லஸ், பாரம் 4. அங்கிருந்து தரையிறக்க ஒரு ஜூனோ, பாரம் 1. ஆய்வுக்கலம் 1. கூட்டினால் 6. கொண்டுபோகக்கூடியது 5. ஒரே ஒரு அலகு கூட. அத்தான் அரை மணித்தியாலம் அந்த ஒன்றோடு மல்லுக்கட்டினார். ஊருக்குப் போகும்போது சூட்கேஸை நிறுத்து நிறுத்துச் சாமானை வெளியே எடுத்து வைப்போமே, அதே முகம்.

ஒரு வழி இருக்கிறது. இரண்டு தடவையாக ஏவி, மேலே வைத்து இரண்டையும் ஒன்றாக இணைப்பது. அதற்குச் சந்திப்புத் தொழில்நுட்பம் வாங்க வேண்டும். அதற்கும் கவிழ்ந்த அட்டைகள் உண்டு.

நாசாவும் இதே சுவரில்தான் முட்டியது. நிலவுக்குப் போய்த் திரும்ப வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கலமாக இறக்கி ஏற்றுவதென்றால் பாரம் கட்டுப்படியாகாது. கலங்கள் விண்வெளியில் பிரிந்து திரும்பச் சந்தித்தால் கட்டுப்படியாகும். ஆனால் அப்படிச் சந்திக்க முடியுமா என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அதைப் பழகிப் பார்ப்பதற்காகவே ஜெமினி என்ற திட்டத்தை நடத்தினார்கள். அந்தக் கலத்தை வடிவமைத்து, திட்டத்தின் முதல் தலைவராக இருந்தவர் சேம்பர்லின். அவரோடு அவ்ரோவில் இருந்து போன ஓவன் மேனார்ட் நிலவில் இறங்கிய கலத்தின் வடிவமைப்பில் முக்கியமானவர்.

யோசித்துப் பாருங்கள். நிலவுப் போட்டி உச்சத்தில் இருந்த 1965லும் 1966லும் ஆட்களோடு பத்து ஜெமினிப் பயணங்கள். அவற்றில் ஒன்றும் நிலவுக்குப் போகவில்லை. 1966 மார்ச் 16இல் ஜெமினி 8 முதன்முதலாக இன்னொரு கலத்தோடு இணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு உந்தி நிற்காமல் இயங்கி, கலம் பம்பரம் மாதிரிச் சுழன்றது. ஆம்ஸ்ட்ரோங்கும் ஸ்கொட்டும் ஒரு மாதிரி அடக்கிப் பயணத்தை இடையில் முடித்துத் திரும்பினார்கள். அந்தத் தோல்வி அட்டை பூமிக்குப் பக்கத்தில் வைத்துத் திரும்பியது. நிலவுக்குப் பக்கத்தில் திரும்பியிருந்தால்?

எதைப் பார்ப்பது, எதை விடுவது

அப்படியென்றால் எல்லா அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டுமா? அத்தான் அதைத்தான் செய்தார். ஒரு ரொக்கெட்டின் மூன்று அட்டையும் நீங்கும் வரை அவர் ஒன்றும் ஏவவில்லை. அவருடைய சோயுஸ் தங்கமாக இருந்தது. ஆனால் 1963 வந்துவிட்டது. இலேசான இலக்குகளை எல்லாம் மருமகள் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுடைய கணக்கு எங்கள் இருவரதும் இல்லை. முதல் இரண்டு வருடம் வெறும் ரொக்கெட்டை மேலே விட்டாள். விழுந்தது. 5 கொடுத்துத் திருத்தினாள். பிறகு மலிவான ஆய்வுக்கலங்களை ஏற்றி விட்டாள். ஒன்று போனது, ஒன்று விழுந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆளை ஏற்றுகிற நேரம் வந்ததும் நிறுத்தினாள். ஒரு முழு வருடத்துக் காசையும் மிச்ச அட்டைகளைப் பார்க்கக் கொட்டினாள். நான் அந்த வருடம் ஒரு புள்ளி எடுத்தேன். அவள் கவலைப்படவில்லை.

"ஏன் பிள்ளை இப்ப மட்டும் இவ்வளவு கவனம்?"

"ஆய்வுக்கலம் விழுந்தா ரெண்டு பணம் மாமா, திரும்ப வாங்கலாம். ஆள் செத்தா திரும்ப வாங்கேலாது தானே."

2019 செப்டெம்பர் 7இல் சந்திரயான் 2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. இஸ்ரோ அதோடு நிறுத்தவில்லை. விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3இல் கால்களைப் பலப்படுத்தினார்கள். 500 மீற்றருக்கு 500 மீற்றராக இருந்த இறங்கும் பரப்பை 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றராக விரித்தார்கள். 2023 ஓகஸ்ட் 23இல் கலம் பத்திரமாக இறங்கியது. இரண்டு தடவையும் தரையிறங்கு கலத்தில் ஆள் இல்லை. விழக்கூடிய இடத்தில் விழுந்து, ஐந்து பணம் கொடுத்துத் திருத்தி, திரும்பப் போனார்கள். மருமகள் பேஸ்மென்றில் செய்ததும் இதுதான்.

என் கவிழ்ந்த அட்டை

இனி நான் அத்தியாயத்தில் சொல்லாமல் விட்ட விசயம்.

பழைய கேட்பவர்களுக்கு என் பெரியப்பாவை ஞாபகம் இருக்கும். சுன்னாகத்தில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். 2019இல் அவரை உட்கார வைத்து இரண்டு மணித்தியாலம் பதிவு செய்தேன். வால்வு ரேடியோ, ட்ரான்சிஸ்டர், பிறகு கரண்டும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. அதில் இருபது நிமிடத்தைத்தான் வெளியிட்டோம். 2021இல் பெரியப்பா போய்விட்டார்.

போன இலையுதிர் காலத்தில் ஒருவர் மின்னஞ்சலில் முழுப் பதிவையும் கேட்டார். ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. பரவாயில்லை, காப்புப் பிரதி இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று வருடமாக ஒவ்வொரு இரவும் "காப்புப் பிரதி வெற்றி" என்று எனக்கு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு நாள் நான் கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஏற்பாடு ஒரு வெறும் கோப்புறையை ஒவ்வொரு இரவும் வெற்றிகரமாகப் பிரதி எடுத்திருக்கிறது. பிழை யாருடையதும் இல்லை, என்னுடையது. ஒரு தரமாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்போது ஒருவரோடும் போட்டி இல்லை. அடுத்த கிழமை அத்தியாயம் வெளிவர வேண்டும், அந்த அவசரம் மட்டும்தான். அதுவே காணுமாய் இருந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்களிடம் இருக்கிற, திரும்ப வாங்க முடியாத ஒன்றை நினையுங்கள். அம்மம்மாவின் குரல், கலியாண வீடியோ, அப்பாவின் பழைய படங்கள். அதன் காப்புப் பிரதியை வேறொரு கொம்பியூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் நடுவிலும் ஓடவிட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போகும். மற்றதெல்லாம் விழுந்தால் விழட்டும்.

விளையாட்டு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 1971இல் மருமகள் நிலவிலிருந்து மண் கொண்டுவந்தாள். அத்தான் இரண்டாமிடம். நான் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. லீவிங் எர்த்தைத் தனியாகவும் விளையாடலாம், ஐந்து பேர் வரையும் விளையாடலாம். முதல் தடவை இலேசான இலக்குகளை மட்டும் எடுங்கள், பென்சில் மறக்காதீர்கள்.

அடுத்த வாரம்: 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 தத்தளித்தபோது ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் சிலருக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பும், ஸ்லைட் ரூல் வைத்து அவர்கள் போட்ட கணக்கும். பெரியப்பாவின் அந்த இருபது நிமிட அத்தியாயத்தை உங்களில் யாராவது இறக்கி வைத்திருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். என்னிடம் இப்போது ஒரு பிரதிதான் இருக்கிறது.

சந்திப்போம்.